சட்டைக் கையாகிவிட்ட கடிதம்

தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் அரை இஞ்சு அக்கா. எந்தத் துணி வந்தாலும், பின்னால் பிரித்துவிட வசதியாக உள்பக்கம் அரை இஞ்சு மடித்து விட்டுத்தான் தைப்பாள். உடம்புதான் சொன்ன பேச்சைக் கேட்காது, துணியாவது கேட்கட்டுமே என்பாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மிஷின், ஒரு மேஜை, சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒருவருடைய அளவுக் காகிதம் தொங்கும். ஆள் மாறிவிடக் கூடாதென்று, அவரவர் கொண்டுவந்த காகிதத்திலேயே அவரவர் அளவை வெட்டிவைப்பது அவள் வழக்கம். டாக்டரின் கழுத்து மருந்து விளம்பரத் தாளில் தொங்கியது, வாத்தியாரின் தோள் பழைய பரீட்சைத் தாளில்.

அந்த வழக்கம்தான் அவளை வம்பில் மாட்டிவிட்டது. பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் இன்று ஊரறிந்த நாவலாசிரியை. நாற்பது வருடமாக இவளிடம்தான் சட்டை தைத்துக்கொள்கிறாள். எழுதி எழுதி அவளுடைய வலது தோள் இறங்கிவிட்டது. அது வெளியே தெரியாமல் தைக்க அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். போன வருடம் சிநேகிதி அக்காவுக்குக் கைப்பட நான்கு பக்கக் கடிதம் எழுதினாள். பெரிய தாள், நல்ல கெட்டிக் காகிதம். புதுச் சட்டைக்கு அளவு வெட்ட வேண்டியிருந்தது. அக்கா கத்தரியை எடுத்துவிட்டாள்.

இப்போது நூலக அதிகாரி ஒருவர் நாவலாசிரியையையே அழைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். அந்தக் கடிதத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். அதிகாரி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், சிநேகிதி முகம் வாடினால் அக்காவால் தாங்க முடியாது. ஆணியிலிருந்து தாள்களைக் கழற்றி நீட்டினாள். இரண்டு அரைக்கை, ஒரு காலர், ஒரு தோள்பட்டை.

அதிகாரி அவற்றை மேஜையில் பரப்பிப் பார்த்தார். வெட்டிப்போட்ட ஓரங்களில் என்னென்ன இருந்ததோ என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அக்கா தலை நிமிராமல் சொல்ல ஆரம்பித்தாள். மகனோடு நடந்த சண்டை, மழையில் ஒழுகிய புத்தக அலமாரி, பல் வலி என்று நான்கு பக்கத்தையும் வரி பிசகாமல் ஒப்பித்தாள். கடைசி வரிகளில் குரல் இறங்கியது. "மேடையில் என்னென்னவோ புகழ்ந்தார்கள். நீ தைத்த சட்டையில் எனக்குத் தோள் இழுக்கவே இல்லை. உன்னை நினைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்."

நாவலாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏண்டி, எத்தனை தடவை படிச்சே?"

"வெட்டறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

சிநேகிதி சிரித்துவிட்டாள். அக்காவுக்கு உயிர் வந்தது. நகல் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த அளவு இல்லாவிட்டால் இவள் எனக்கு எப்படிச் சட்டை தைப்பாள் என்று நாவலாசிரியை அதிகாரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வந்ததும் வந்தோம், ஒரு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போகலாமென்று நிமிர்ந்து நின்றாள்.

அக்கா டேப்பை வைத்துப் பார்த்தாள். பிறகு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். வலது தோள் இன்னும் அரை இஞ்சு இறங்கியிருந்தது.

மேஜையில் கிடந்த நான்கு தாள்களையும் அடுக்கி அதிகாரியின் கையில் கொடுத்தாள்.

"இந்த அளவு இனிமே உனக்குச் சரியா வராதுடி. அவரே எடுத்துட்டுப் போகட்டும். நீ எனக்கு வேற கடுதாசி எழுது."