என் மனையில் முளைத்த மாடசாமி

சங்கரன்கோவிலில் ஸ்டேடியம் கட்டப் பணம் ஒதுக்கியாயிற்று, இடம்தான் பாக்கி என்று ஊரே பேசியது. ராஜபாளையம் சாலையோரம் நான் வாங்கிப் போட்டிருந்த மனைப் பக்கம் அளக்க வருகிறார்கள் என்றும் காதில் விழுந்தது. வீடு கட்ட என்னிடம் இருந்தது அந்த மனை ஒன்றுதான். சாமி இருக்கும் இடத்தை அரசாங்கம் தொடாது என்ற நம் ஊர் ஞானத்தை நம்பி, அவர்கள் வருவதற்குள் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றினேன். பதற்றத்தில் பாதி மஞ்சள் என் வேட்டியில்.

வந்த சர்வேயர் ஒல்லியான மனிதர். எதைச் சொல்வதற்கு முன்னும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். கல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எந்தச் சாமி அண்ணாச்சி?”

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

“மாடசாமி சார். எங்க தாத்தா காலத்துல இருந்தே இருக்கு.”

அவர் என் வேட்டியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

“அப்பம் இந்த எடத்த விட்டுருதேன். கோயில்னே எழுதிருதேன்.”

“ரொம்ப சந்தோசம் சார். தை பொறந்ததும் இங்கன வீடு கட்டலாம்னு இருக்கேன்.”

“கோயில் எடத்துல எப்படி வே வீடு கட்டுவீரு? பூசைய மட்டும் விட்டுராதீரும்.”

இப்போது செவ்வாய்தோறும் போய் விளக்கேற்றிவிட்டு, வாடகை வீட்டுக்குத் திரும்புகிறேன். அன்று கிளம்பும்போது சர்வேயர் இன்னொரு தடவை கும்பிட்டாரே, அது கல்லையா, என்னையா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.