பெயர் கொடுத்தது யார்? திருவண்ணாமலையில் ஒரு மூன்று நாள்

"திருவண்ணாமலைக்கு இரண்டு நாள் போதுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போதும். எண்பதுகளின் நடுவில், ஒரு புரட்டாசியில், நானும் இரண்டு நாள் திட்டத்தில்தான் போனேன். அப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வெள்ளிக்கிழமை பௌர்ணமி, லீவு போட்டேன். மலையைச் சுற்றிவிட்டு வரலாம் என்பதைத் தவிர உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

பாரிமுனையில் காலை ஆறு மணி பஸ். திண்டிவனம், செஞ்சி வழியாக 190 கிலோமீட்டர், டிக்கெட் பதினேழு ரூபாய். கீழ்பென்னாத்தூரில் டீக்குப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். பதினொன்றேகாலுக்கு இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இருபது ரூபாய்க்கு அறை எடுத்தேன். கொசுவலை இல்லை, கொசு உண்டு.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பி, கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரை மூன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்தேன். இன்றைக்கு இருக்கிற கூட்டம் அப்போது இல்லை. செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டிய பிறகு சில இடங்களில் நானும் ஒரு எருமையும் மட்டும்தான் நடந்தோம்.

சனிக்கிழமை காலை பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸுக்கு அறையைக் காலி செய்ய வந்தேன். லாட்ஜ் மேனேஜர் ஏழுமலை நோட்டில் நான் எழுதியிருந்த தொழிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு மனு அடிச்சுத் தர்றீங்களா? மெஷின் இருக்குது. அடிக்கிற ஆளு கல்யாணத்துக்குப் போய்ட்டான்" என்றார்.

விஷயம் இதுதான். ஆடி மாதம் அவர்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியபோது, ஸ்பீக்கர் சத்தமும் பள்ளிவாசல் பாங்கும் மோதிக்கொண்டன. கைகலப்பு, செருப்பு வீச்சு, இரண்டு டியூப் லைட் உடைந்தது. அவ்வளவுதான். ஆனால் போலீசில் எட்டு இளைஞர்கள் பெயர் பதிவாகிவிட்டது. இந்துக்கள் நால்வர், முஸ்லிம்கள் நால்வர். அதில் ஏழுமலையின் தம்பி ஒருவன். மைக்செட் கடை பஷீர் பாயின் மகன் சலீம் இன்னொருவன். சலீமுக்குக் கரண்ட் ஆபீசில் லைன்மேன் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் போலீஸ் சான்றிதழ் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் வழக்கை முடித்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

பஸ்ஸை விட்டேன். இரக்கம் பாதி, வேடிக்கை பார்க்கும் ஆசை பாதி.

மூன்று மணிக்கு ஒரு மல்லாட்டைக் கிடங்கில் சமாதானக் கமிட்டி கூடியது. (வேர்க்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்றுதான் பெயர்.) பத்துப் பேர். ஒரு பக்கம் கோயில்காரர்கள், எதிரே பள்ளிவாசல்காரர்கள், நடுவில் நாற்காலியில் மிஷன் பள்ளி ஞானமணி வாத்தியார். அந்தக் கமிட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. பேசுகிறவர் தன் பக்கத்துத் தப்பை மட்டும்தான் சொல்லலாம். எதிர்ப்பக்கத்துத் தப்பைச் சொன்னால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

முதல் கால் மணி நேரம் மரியாதையாகப் போனது. "எங்க பசங்கதான் சவுண்டு ஜாஸ்தி வெச்சாங்க" என்றார் ஏழுமலை. "ரெண்டு எடத்துக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு வுட்டவன் நான். எதிரெதிரா கட்னது என் தப்பு" என்றார் பஷீர் பாய். நான் மூன்று தாளுக்கு நடுவில் கார்பன் வைத்து மனுவை அடித்து முடித்தேன். ஆனால் கையெழுத்து என்றதும் இரண்டு பேரும் பேனாவைத் தொடவில்லை.

"பேர் குடுத்தது யாருன்னு தெரியட்டும், அப்புறம் போடறேன்" என்றார் ஏழுமலை. "எட்டுப் பேருக்கும் இனிஷியல் சுத்தமா இருக்குது. கூடவே பொழங்கினவங்கதான் குடுத்திருக்கணும்." சொல்லும்போது பாயைப் பார்த்துவிட்டார்.

"எல்லாருக்கும் டீ சொல்லுங்க" என்று யாரோ சொல்ல, என்னையும் சேர்த்துப் பதினொரு டீ வந்தது.

டீ ஆறிக்கொண்டிருந்தது. வாத்தியார் மட்டும் எடுக்கவில்லை. அவர் இருபது வருஷமாக அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு கூப்பிட்டவர்.

"என் பக்கத்துத் தப்பை யாரும் கேக்கலையே" என்றார். "அன்னைக்குப் பயந்துபோய் ஸ்டேஷனுக்கு ஓடினது நான்தாங்க. அங்க யார் யார் இருந்தாங்கனு கேட்டாங்க. எட்டுப் பேரும் எங்கிட்ட படிச்ச பசங்க. சாட்சிக்குத்தான் கேக்கறாங்கனு நெனச்சு, இனிஷியலோட சொல்லிட்டேன். அவங்க அடிச்சதை நான் பாக்கவேயில்ல."

பஷீர் பாய் எழுந்துவிட்டார்.

"ஏழுமலைதான் பேர் குடுத்தான்னு நெனச்சு ரெண்டு மாசமா அவன் மூஞ்சில முழிக்காம சுத்திப் போறேன் சார். அவன் தம்பி என் கடையில வேலை செஞ்சவன், அவனையும் நிறுத்திட்டேன். நீங்க நடுவுல குந்திக்கினு எல்லாத்தையும் பாத்துக்கினு இருந்தீங்க."

"ஆமாம்" என்றார் வாத்தியார். சாக்குச் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, தன் வாக்குமூலத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் அடித்தேன். இரண்டு இடத்தில் அவர் குரல் நின்றது, மெஷினும் நின்றது. பள்ளி நிர்வாகத்துக்குத் தெரிந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

அவர் கையெழுத்துப் போட்ட பிறகு ஏழுமலை மனுவில் போட்டார். பாய் வாசல்வரை போய், நின்று, திரும்பி வந்து போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷனுக்கு நடந்தோம். வாத்தியார் பத்தடி பின்னாலேயே வந்தார். பாய் நின்று, அவர் வரும்வரை காத்திருந்தார்.

"முன்னாடி போங்க சார். லிஸ்ட்டு உங்களுதுதானே" என்றார். ஏழுமலை சிரித்துவிட்டார். வாத்தியாருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நான் பதினொரு மணி பஸ் பிடித்தேன். போகிறவர்களுக்குச் சில வார்த்தை: கிரிவலத்தில் வெயில் தாழ்ந்தபின் நடங்கள், செருப்பில்லாமல் நடப்பதாக இருந்தால் கால் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், திரும்பும் டிக்கெட்டை முன்பே எடுக்காதீர்கள். இரண்டு பேர் சண்டையில் நடுவில் இருப்பவன் சுத்தமானவன் என்று நானும் அதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எனக்கு அந்தக் கிடங்கிலேயே போய்விட்டது.

பத்து நாள் கழித்து பஷீர் பாயின் போஸ்ட் கார்டு வந்தது. வழக்கு முடிந்து சலீம் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டான், ஏழுமலையின் தம்பி மறுபடி கடைக்கு வருகிறான் என்று எழுதியிருந்தார். கமிட்டியும் கூடியதாம். வாத்தியார் வர வெட்கப்பட்டாராம்; ஏழுமலையும் பாயும் வீட்டுக்கே போய்க் கூட்டி வந்தார்களாம். நாற்காலியை எடுத்துவிட்டு, எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்களாம்.