ஜிம்மிக்காக அம்மா பேசிய ஆங்கிலம்

ஒன்டாரியோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில் இன்று நடந்ததை உங்கள் எல்லோருக்கும் மின்னஞ்சலில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நானும் அம்மாவும் எங்கள் நாய் ஜிம்மியுடன் லிஃப்டுக்காகக் காத்து நின்றோம். கட்டட மனேஜர் வந்தார். மாத முடிவுக்குள் நாயை அனுப்பு, இல்லையென்றால் வீட்டைக் காலிசெய் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கத்தினார். நான் ஜிம்மியின் சங்கிலியை இழுத்துப் பிடித்தேன்.

“உவர் என்னவாம்?” என்றார் அம்மா.

“ஜிம்மியை விடட்டாம், அம்மா.”

ஜிம்மி வந்த நாளிலிருந்து அம்மா அதைத் தொட்டதே இல்லை. அது பக்கத்தில் வந்தால் இரண்டு கால்களையும் சோபாவுக்கு மேலே தூக்கிவிடுவார். அந்த அம்மா நேரே போய் மனேஜருக்கு முன்னால் நின்றார்.

“நோ பைட். நோ நொய்ஸ். ஒன்டாரியோ லோ சே, டோக் ஸ்டே!”

மனேஜரின் முகம் சிவந்துவிட்டது. “ஓகே, ஓகே” என்றபடி படிகளில் இறங்கிப் போய்விட்டார்.

“சட்டம் உங்களுக்கு என்னெண்டு தெரியும், அம்மா?”

“இங்கிலிஸ் வகுப்பு ரீச்சரிட்டைக் கேட்டனான். ஒருத்தரையும் கடிக்காத, கரைச்சல் குடுக்காத நாயை விடச்சொல்ல ஏலாதாம்.”

“எப்ப கேட்டனீங்கள்?”

“நீ உதைக் கூட்டிக்கொண்டு வந்த அடுத்த நாளே. சரி, சங்கிலியைத் தா. லேக்குக்குப் போவம்.”

ஏரிக்கரையில் ஜிம்மி இழுத்த பக்கமெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

உங்கள் கட்டடத்திலும் யாராவது நாயை விடச் சொல்கிறார்களா? பதில் எழுதுங்கள், அம்மாவை அனுப்பிவைக்கிறேன்.