பாலிடோரில் அப்பா எழுந்து நின்ற காலை

ஜெர்மனியில் இருந்த மாமா லண்டனுக்கு வராமல் அயர்லாந்துக்குப் போனதை எங்கள் வீட்டில் ஒரு குறையாகவே பேசுவார்கள். லண்டனில் நாங்கள் இருந்த கிங்ஸ்பரியில் கோயிலும் கடையும் சனமும் இருக்க, ஒரு தெருவும் ஓர் ஆறும் மட்டுமுள்ள பாலிடோரில் அவனுக்கு என்ன கிடக்கிறது என்று அம்மா கேட்பார். "அமைதி கிடக்கு, அக்கா" என்பார் மாமா. பேக்கரியில் இரவு ஷிப்ட் செய்கிறவன் வேறு எதைக் கேட்பான் என்று அம்மா சிரிப்பார்.

எனக்கு ஒன்பது வயதான கோடையில் கப்பலேறிப் போனோம். அந்தக் கிராமத்தை அமைத்தவர்கள் குவேக்கர் என்ற கிறிஸ்தவர்களாம். அவர்கள் கூடும் பழைய வீடு இன்னும் இருந்தது. ஞாயிறு காலை மாமா எங்களை அங்கே கூட்டிப்போனார். கோயிலுக்குப் போவதாக நினைத்து அம்மா பட்டுச்சேலை உடுத்தியிருந்தார். உள்ளே சிலுவையில்லை, பாட்டில்லை, பாதிரியார்கூட இல்லை. சுற்றிவரப் போட்டிருந்த நீள மர வாங்குகளில் ஏழெட்டு முதியவர்கள் பேசாமல் இருந்தார்கள்.

"எப்ப தொடங்கும்?" என்று மாமாவின் காதில் கேட்டேன்.

"தொடங்கிற்றுது. ஆருக்கும் மனசில ஏதும் வந்தா எழும்பிச் சொல்லலாம். இல்லாட்டி சும்மா இருக்கிறதுதான்."

சும்மா இருப்பது எவ்வளவு கடினமென்று அன்றுதான் தெரிந்தது. என் வயிறு இரைந்தது. தம்பி அம்மாவின் மடியில் தூங்கிப்போனான். யன்னலுக்கு வெளியே ஒரு காகம் கத்தி ஓய்ந்தது. அப்போதுதான் அப்பா எழுந்தார்.

லண்டனில் அப்பா கூட்டங்களில் பேசுகிறவரல்ல. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர், ஆனால் அன்று தமிழில்தான் பேசினார்.

"என்ர தம்பியைக் கடைசியாக் கண்டது முள்ளிவாய்க்கால் பக்கம் எண்டு சொல்லுகினம். அவன் எங்க இருந்தாலும் சுகமா இருக்கட்டும்." உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "இல்லையெண்டா, நோகாமல் போயிருக்கட்டும்."

அமர்ந்துவிட்டார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சித்தப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் "வருவான்" என்பதற்கு மேல் அப்பா சொன்னதில்லை. செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்யச் சொல்லிவந்த உறவினர் ஒருவரை வாசலோடு அனுப்பிவைத்தவர் அவர். 'இல்லையெண்டா' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அன்று நான் கவனிக்கவே இல்லை. எனக்கிருந்ததெல்லாம் வெட்கம். வெள்ளைக்காரருக்கு விளங்காத மொழியில் பேசிவிட்டாரே என்று அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருமக்கூட இல்லை.

முடிந்ததும் எல்லோரும் கைகுலுக்கினார்கள். பிறகு தேநீர் தந்தார்கள். வெள்ளைத் தலைமுடியோடு ஒரு பெண்மணி அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் கோப்பை காலியானதும் மறுபடி நிரப்பிக் கொடுத்தார். அப்பா கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார். அப்படி அவர் இருந்து நான் கண்டதில்லை.

நான் அந்தப் பெண்மணியிடம் போய், அப்பா தமிழில் பேசியதற்கு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

"எதற்கு? அவர் சொன்னதை நாங்கள் கேட்டோமே" என்றார் அவர்.

தமிழில் ஒரு சொல்லும் தெரியாதவர் எப்படிக் கேட்டிருக்க முடியும்? பாவம், மரியாதைக்காகப் பொய் சொல்லுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் நீட்டிய பிஸ்கட்டை வாங்கித் தின்றேன்.