சட்டத்தைத் திட்டினால் புகார் ஆகாது

காலணியைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளி, கம்பளிச் செருப்புக்குள் பாதங்களை நுழைத்த பிறகுதான் ஏவ்ரில் டாட்டர்சால் போனைத் தொடுவார். “திட்டு வாங்கறதுன்னு ஆயிடுச்சு. கால் கடுக்க வேற வாங்கணுமா?” என்பது அவர் கட்சி. அடுத்தது தேநீர். அது செங்கல் நிறத்தில் இருக்க வேண்டும். பால் தூக்கலாகக் கொண்டுவந்து வைக்கிற சகா, அன்று முழுக்க அவர் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது.

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ஒரு அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடி. பெண்களின் ஓய்வூதிய வயது அறுபதிலிருந்து அறுபத்தாறுக்கு ஏறியதே, அந்த ஏற்றத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட பெண்களின் புகார்களெல்லாம் அவர் பிரிவில்தான் வந்து விழும். “எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?” என்று வயிறெரிந்து எழுதியவை. மாதம் ஒருமுறை அந்தப் பெண்களே ஊதா நாடா குறுக்கே போட்டுக்கொண்டு கீழே வாசலில் வந்து நின்று கோஷம் போடுவதும் உண்டு. ஏவ்ரில் பிளாஸ்க்கும் பிஸ்கட் டப்பாவுமாக இறங்கிப் போவார். பிரிவுத் தலைவர் டேரனுக்கு, முப்பது வயதுப் பிள்ளை அவர், இது தர்மசங்கடம்.

“அக்கா, அவங்க நம்மளை எதிர்த்துத்தானே நிக்கிறாங்க?”

“எதிர்த்து நின்னா என்ன? மழையில நிக்கிறாங்கல்ல?”

டேரன் கெட்டவரல்ல, மேலிடத்துக்கும் ஏவ்ரிலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வயதை ஏற்றியது நாடாளுமன்றம். அது அநியாயம் என்று எழுதினால், எவ்வளவு அழகாக எழுதினாலும் அது புகார் ஆகாது. ‘கொள்கை’ என்ற தலைப்பில் போட்டு, அச்சடித்த பதிலை அனுப்பி மூடிவிடலாம். அலுவலகம் தப்பாகச் சொன்னது, கேட்டும் சொல்லவில்லை என்றால்தான் விசாரணை. எழுதுகிறவர்களுக்கு இது எங்கே தெரிகிறது? மந்திரிமார் அத்தனை பேரையும் பக்கம் பக்கமாக உரித்துத் தொங்கவிட்டுவிட்டு, விசாரிக்கக்கூடிய அந்த ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். “கோவத்தையெல்லாம் கொட்டிடுவாங்க, காரணத்தை முழுங்கிடுவாங்க,” என்பார் ஏவ்ரில். அதனால் எதையும் மூடுவதற்கு முன் ஒரு போன் போட்டே ஆவார். இதில் யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

அவருடைய குரல் வேறு கணீரென்று பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருக்கும். “உனக்கென்ன கண்ணு, சின்னப் பொண்ணு, எங்க கஷ்டம் உனக்கெங்க புரியும்?” என்று கேட்காதவர்கள் குறைவு. அவருடைய அறுபதையும் அதே சட்டம்தான் தள்ளிப்போட்டது. அதனால்தான் இன்னும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சொல்ல மாட்டார். “சின்னப் பொண்ணுன்னு வேற யாரு என்னைக் கூப்பிடறா? இருந்துட்டுப் போகட்டும்!” என்று சிரிப்பார்.

போன வெள்ளிக்கிழமை க்ளெண்டா ஹோல்ட் என்ற பெண்மணியின் புகாரை மூட வேண்டிய கடைசி நாள். வடக்கே ஒரு பழைய மில் ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். சமையலறையை மூடியபோது, வேறு பள்ளிக்குப் போகலாம், அல்லது ஒரு தொகையை வாங்கிக்கொண்டு நின்றுவிடலாம் என்றார்கள். அறுபது வரை ஓட்டிவிடலாம் என்று தொகையை வாங்கிக்கொண்டார். ஓட்டியும்விட்டார். அறுபதாவது பிறந்தநாள் வந்தது, ஓய்வூதியம் வரவில்லை. அன்றிலிருந்து விடிவதற்கு முன்னால் பஸ் பிடித்துப் போய் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தரை துடைக்கிறார்.

“மிஸஸ் ஹோல்ட்டா? ஏவ்ரில் பேசறேன். உங்க புகாரைப் பத்தி.”

“அடேயப்பா! உங்க ஆபீஸுக்கு வாய்கூட இருக்கா?”

“இருக்கு. ஆனா முதல்ல நீங்க திட்டி முடிங்க.”

க்ளெண்டா அந்த வாய்ப்பை வீணாக்கவில்லை. ஏவ்ரில் ஹெட்செட்டைச் சற்றே காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“முடிஞ்சுதா?”

“மூச்சு வாங்குது.”

“அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பணத்தை வாங்கிக்கிட்டு நிக்கிறதுக்கு முன்னாடி, எப்ப பென்ஷன் வரும்னு யாரையாவது கேட்டீங்களா?”

“கேக்காம விடுவேனா? எனக்கு மூளை இல்லைன்னு நெனச்சியா?”

“யாரைக் கேட்டீங்க?”

அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைப் பட்டென்று அணைக்கிற சத்தம் கேட்டது.

“அதை விடு. அது எங்களுக்குள்ள.”

ஏவ்ரில் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஊர் ஓய்வூதியக் கவுண்ட்டரில் அப்போது உட்கார்ந்திருந்தவள் க்ளெண்டாவின் தெருக்காரி. ‘அறுபதுதான்டி, நிம்மதியா பணத்தை வாங்கிக்க’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

“அவ வேணும்னு சொல்லல. அவளுக்கே தெரியாது, பாவம். இன்னைக்கும் வியாழக்கிழமை பிங்கோ ஆட நாங்க ஒண்ணாத்தான் போறோம். அவ சொன்னதை நம்பித்தான் என் இடுப்பு ஒடிஞ்சுதுன்னு அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். ஆளைக் காட்டிக் குடுக்கற பழக்கம் எங்க தெருவுல இல்ல.”

“ஆளை யாரு கேட்டா? எந்தக் கவுண்ட்டர், எந்த வருஷம், என்ன சொன்னாங்க. எனக்கு அது போதும். அந்தப் பொண்ணுக்கு ஒழுங்கா சொல்லித்தராதது ஆபீஸ் தப்பு.”

“பணம் வருமா?”

“சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ‘இது புகாரே இல்ல’ன்னு இனிமே ஒருத்தன் உங்ககிட்ட சொல்ல முடியாது. விசாரிச்சே தீரணும். பேரை மட்டும் சொல்லிடாதீங்க. காதுல விழுந்தா நான் எழுதித்தான் ஆகணும். எழுதினா அவங்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிடும்.”

அந்தப் பிரிவில் பேச்சை ஒலிப்பதிவு செய்வதில்லை. கேட்டதைக் கேட்டபடி கணினியில் ஏற்றுவதுதான் முறை. கேட்ட ஒன்றை விட்டுவிட்டு எழுத ஏவ்ரிலுக்கு வராது, இத்தனை வருடத்தில் ஒருநாளும் செய்ததில்லை.

க்ளெண்டா சொல்லத் தொடங்கினார். ஏவ்ரிலின் விரல்கள் ஓடின. புகாரை இன்னும் மூடவில்லையே என்று பார்க்க வந்த டேரன், திரையில் ஏறுகிற வரிகளைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். கவுண்ட்டர் வந்தது, வருடம் வந்தது, சொன்ன வார்த்தை வந்தது. பிறகு பிறந்தநாள், கேக், வராத பணம். பனியில் பஸ் வராத காலைகள், வாளியைத் தூக்க முடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதது. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாதது. சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

“ஒரு போன் போட்டு மேல கேட்டிருக்கக் கூடாதா அவ? எனக்காக ஒரே ஒரு போன்! நான் மட்டும் ஏன் மூடி மூடி வைக்கணும்? எழுதிக்க கண்ணு, சொல்றேன். அவ பேரு...”

ஏவ்ரில் இரண்டு கையாலும் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்தார். அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, அடியிலிருந்து வந்த முனகல் ஓயும்வரை டேரனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டேரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ஏவ்ரில் அதை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்:

“மன்னிச்சுக்கங்க மிஸஸ் ஹோல்ட், ஒண்ணும் காதுல விழல. படிக்கட்டுல உக்காந்தேன்னு சொன்னீங்க. அப்புறம்?”