கவிழ்த்து வைத்த மங்கு

திலகாவுக்கு யாரையும் நம்ப வராது. கோலா சிலாங்கூர் சந்தையில் மீன்காரன் செவுளைத் திறந்து காட்டினாலும், சாயம் பூசியிருப்பானோ என்று விரலால் தேய்த்துப் பார்ப்பாள். பக்கத்து வீட்டில் பலகாரம் கொடுத்தால், என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறதோ என்பாள். ஊர் சிரிக்கும். சிரித்த ஊர்தான் அவளை அப்படி ஆக்கியது. அதை மட்டும் வசதியாக மறந்துவிடும்.

அவள் அப்பா செல்லையா, புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், காட்டுக்குள்ளிருந்து அவனை எதிர்த்துச் சண்டை போட்டவர்களுக்கு தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து ரகசியமாய் மரவள்ளிக்கிழங்கு போனது. கொடுத்து அனுப்பியவர் செல்லையா. ஒரு மழை நாளில் கிழங்கு வாங்க வந்த இருவரைச் சிப்பாய்கள் சுட்டுப்போட்டார்கள். ஒருவன் அதே லயத்துப் பிள்ளை. செல்லையாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது போதாதா? காட்டிக்கொடுத்தவன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

ஆண்டுதோறும் தோட்டத்துக் கோயிலில் அந்த இருவருக்கும் அவித்த கிழங்கைப் படைத்து, எல்லோரும் சாப்பிடுவார்கள். எல்லா வீட்டிலிருந்தும் கிழங்கு வரும். செல்லையா வீட்டுக் கிழங்கு மட்டும் படையல் இலை ஏறாது. அவர் செத்த பிறகும் ஏறவில்லை. ஒரு தடவையாவது ஏற்றிவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று திலகா வைராக்கியமாக இருந்தாள்.

இந்த வருடம் கோயில் தலைவர் பாலகிருஷ்ணன் அவள் வாசலில் வந்து நின்றார். தோட்டமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகி, கிழங்கு போடுகிறவர்கள் அருகிவிட்டார்கள். திலகா வீட்டுப் பின்னால் மட்டும் செழித்துக் கிடந்தது.

“கொஞ்சம் கிழங்கு வேணும்க்கா. அவிக்க வேண்டாம், பச்சையாவே குடுங்க.”

“ஏன், நான் அவிச்சா வெசமாயிடுமா?”

“கோவப்படாதீங்க லா. கமிட்டியில பேசுவாங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. எங்கம்மாகூட உங்கப்பாவுக்கு நல்லதுதான் செஞ்சிருக்காங்க. சுட்ட அன்னிக்கு மழையாம். உங்கப்பா வெட்டுற நிரையில மூலை மரத்து மங்கு நிமிந்தே கெடக்க, தண்ணி ரொம்பிடுமேன்னு கவுத்து வெச்சிட்டு வந்தாங்களாம். அப்புறந்தான் வெடிச் சத்தம்.”

திலகா கதவைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பது தோட்டத்து வழக்கம். சிப்பாய்கள் உள்ளே இருந்தால் மூலை மரத்து மங்கை மட்டும் நிமிர்த்தி வைப்பது, செல்லையா காட்டுக்காரர்களோடு பேசி வைத்த அடையாளம். ஜப்பான்காரன் இருந்தவரை அதை வெளியே சொல்ல முடியவில்லை. போன பிறகு அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. நிமிர்த்தித்தான் வைத்தேன், எவனோ கவிழ்த்துவிட்டான் என்று மகளிடம் மட்டும் புலம்பியே போய்ச் சேர்ந்தார். அந்த எவனோவைத்தான் அவள் இத்தனை காலமும் பார்த்த முகத்திலெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள்.

தெரிந்துகொண்டே ஆழம் பார்க்கிறானோ? முகத்தை உற்றுப் பார்த்தாள். கள்ளம் இல்லை. அந்த அடையாளத்தைச் சொல்லிவிட்டாள். பாலகிருஷ்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கம்மா வேணும்னு செய்யலக்கா.”

“தெரியும். எங்கப்பாவுந்தான் ஒண்ணும் செய்யல.”

“வெளிய சொல்லிடாதீங்கக்கா. எங்கம்மா பேரு…”

“அப்ப எங்கப்பா பேரு?”

பாலகிருஷ்ணன் வெறுங்கையோடு எழுந்து போனார்.

படையல் அன்று திலகா கிழங்கை அவித்தே கொண்டு போனாள். பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். பாலகிருஷ்ணன் தரையைப் பார்த்தபடி நின்றார். உண்மையை முழுங்கிவிட்டான், இவனும் அந்த ஊர்க்காரன்தானே என்று நினைத்தாள். திரும்பிப் போக எத்தனித்தபோது அவர் வந்து பாத்திரத்தை வாங்கினார்.

“இது செல்லையா வீட்டுக் கெழங்கு. அவரு யாரையும் காட்டிக்குடுக்கல. வராதீங்கன்னு அவரு நிமித்தி வெச்ச மங்க, விவரம் தெரியாம கவுத்தது எங்கம்மா.” நடந்ததை முழுவதும் சொன்னார். கிழங்கை இலையில் வைத்தார்.

பூசை முடிந்து பங்கிட்டபோது, மிச்சக் கிழங்கோடு பாத்திரம் திலகாவிடமே திரும்பி வந்தது. அவள் சாப்பிடவில்லை. எவள் விழுங்குகிறாள், எவள் கைக்குள் மறைக்கிறாள் என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன அந்த லயத்துப் பையனின் தங்கை மகள் சந்திரிகா, தன் துண்டைத் தின்று முடித்துவிட்டு அவளிடம் வந்து கையை நீட்டினாள்.

“இன்னொரு துண்டு குடுங்கக்கா.”

திலகா பாத்திரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.