சத்தம் போய்ச் சேர ஒரு வாரம்

எங்கள் தோட்டத்துக்கு என்று தனியாக ஒரு ரேடியோ இருந்தது. அது கோலாலம்பூரிலிருந்து வராது. என் மாமா வாயிலிருந்து வரும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காலையில் ரப்பர் மரம் சீவப் போவார். பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, குளித்து, தலையை வழித்துச் சீவிக்கொண்டு நேரே லயத்து வீட்டு வரிசையின் கடைசி வீட்டுக்குப் போய்விடுவார். அந்த வீடு ஆள் இல்லாமல் கிடந்தது. அதற்குள் ஒரு ஆம்பிளிபயர், பாட்டுத்தட்டு சுற்றுகிற பெட்டி, கைக்குட்டை கட்டிய ஒரு மைக். வெளியே தூங்குமூஞ்சி மரத்தின் மேல் ஒரு ஒலிபெருக்கிக் குழாய். அவ்வளவுதான் ரேடியோ. யாருக்கும் சம்பளம் கிடையாது. கேட்கிறவர்கள் ஏசுவார்கள். அதுதான் சம்பளம்.

மைக்கில் பேசுவது என் அத்தை, அப்பாவின் தங்கை. அவரும் வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர்தான். வீட்டில் அவர் குரல் எல்லார் குரல் மாதிரியும் இருக்கும். மைக்கில் வேறு மாதிரி ஆகிவிடும்.

எழுபதுகளின் கடைசி. பீடோருக்கும் சுங்காய்க்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது தோட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரண்ட் தருகிற லைட் எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் ரேடியோவும் ஆரம்பிக்கும். பல்பு ஒரேயடியாக எரியாது. முதலில் உள்ளே ஒரு சிவப்புப் புழு தெரியும். அப்புறம் மெல்ல மஞ்சளாகும். அத்தையின் குரலும் அப்படித்தான் வரும். தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்து வருகிற மாதிரி.

"வணக்கம். இது நம்ம தோட்டத்து வானொலி. மேட்டு லயத்துல ஒரு கிடாவக் காணோம். பாத்தவங்க சொல்லவும். தின்னவங்களும் சொல்லவும்."

அதை எழுதிக் கொடுத்தது மாமா. வாசித்து முடித்த பிறகுதான் அத்தைக்கு உறைக்கும். மைக்கை அணைக்காமலே, "எரும, இப்படியா எழுதிக் குடுப்ப?" என்பார். ஜனங்கள் அதற்குத்தான் காத்திருப்பார்கள். பாட்டெல்லாம் அப்புறம்.

குழாய் ஒன்றுதான் இருந்தது. அது பார்க்கிற பக்கம் பாட்டு தெளிவாகக் கேட்கும். அதன் முதுகுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜலதோஷம் பிடித்தவன் பாடுகிற மாதிரி இருக்கும். அதனால் ஒரு வாரம் மேட்டு லயம், ஒரு வாரம் பள்ளத்து லயம் என்று முறை வைத்திருந்தார்கள். மாமா மரத்தில் ஏறிக் குழாயைத் திருப்புவார். முறை தப்பினால் சண்டை. கல்யாண வீட்டில் கறி பத்தாமல் போனால்கூட அவ்வளவு சண்டை வராது.

நான் ஒன்றாம் வகுப்பு போன வருஷம் அம்மாவுக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. எங்கள் லயத்துக்கு எதிரே ஒரு குன்று. மலை என்போம். அதன் மேல் தோட்டத்து ஆஸ்பத்திரி. அம்மாவை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டது டிரஸர். மருந்து கலக்குவது, ஊசி போடுவது, ஏசுவது எல்லாம் அவர்தான். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

அம்மா போகும்போது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"ஈப்போவுக்கு மட்டும் அனுப்பாதீங்க."

எங்கள் லயத்திலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டு பேர் லாரியில் திரும்பி வந்தார்கள். துணி போட்டு மூடியிருந்தது. ஈப்போ என்றாலே அதுதான் என்று நினைத்திருந்தேன். தரையில் விழுந்து கத்தினேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார்.

"அனுப்பலம்மா. மலையிலதான் இருப்பா. நீயே பாத்துக்க, அந்தா தெரியுது பாரு, கடைசி ஜன்னலு."

அதற்குப் பிறகு நான் யாரிடமும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் கடைசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எஞ்சின் ஓடினால் அதில் விளக்கு எரியும். எஞ்சின் நின்றால் மலையே காணாமல் போய்விடும்.

ஒரு சாயங்காலம் மாமா மரத்தடியில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"மாமா, கொழாய மலப்பக்கம் திருப்பு."

மாமா வயரைக் கீழே போட்டார். நான் வாயைத் திறந்ததே பெரிய விஷயம்.

"எதுக்கு?"

"அம்மாகிட்ட பேசணும்."

அவர் பக்கத்தில் நின்ற அத்தையைப் பார்த்தார். "டிரஸர் கத்துவாருலா."

"கத்தட்டும். அதையும் ரேடியோவுல போட்டுரலாம். ஏறு மச்சான் மரத்துல," என்றார் அத்தை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு மண்ணெண்ணெய் டின் மேல் உட்கார வைத்தார்கள். மைக்கின் கைக்குட்டையில் அத்தையின் பவுடர் வாசனை. நான் பேசினேன். அரையிருட்டில் என் குரலே பெரிதாகி, மரத்துக்கு மேலே போய், பனிக்குள் மெதுவாக நடந்து மலையேறுவது எனக்குத் தெரிந்தது. நான் இங்கே இருக்கிறேன். என் குரல் அங்கே போகிறது. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"அம்மா, நாந்தான். அத்த வச்ச கருவாட்டுக் கொழம்பு ஒறப்பு. வாயில வைக்க முடியல. செவப்புக் கோழி குஞ்சு பொரிச்சிருச்சு."

இரண்டு லயத்திலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தை என் தொடையைக் கிள்ளினார்.

மறுநாள் அப்பா மலைக்குக் கஞ்சி கொண்டுபோய்விட்டுத் திரும்பினார். "ஒறப்பக் கொறைக்கச் சொன்னா. கோழிக்குஞ்சப் பருந்து தூக்கிரும், கூடையப் போட்டுக் கவுக்கச் சொன்னா," என்றார். அன்றைக்கு நான் தட்டை வழித்துத் தின்றேன்.

டிரஸர் சைக்கிளில் வந்தார். மாமாவை லயத்து வாசலில் நிறுத்தி வைத்து ஏசினார்.

"ஒடம்பு முடியாதவங்க தூங்க வேணாமா? அடுத்த வாரமும் மலைக்குத் திருப்புனா ஆபீசுல சொல்லிருவேன்."

"சரிங்கய்யா."

அடுத்த வாரமும் மாமா மலைக்குத்தான் திருப்பினார். டிரஸர் வரவில்லை. ஆபீசிலும் சொல்லவில்லை. மாமாவுக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு மாமா மேல் மரியாதை கூடியது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழையில் மரம் சீவ முடியாது. ஜனங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். பாட்டாவது கேட்கலாம் என்றால் குழாய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பள்ளத்து லயத்து அண்ணன் ஒருவர் தலையில் கோணி போட்டுக்கொண்டு வந்தார். ஆள் உயரம். குரல் அதைவிட உயரம்.

"என்னலா இது? எங்க மொற போயி எத்தன வாரமாச்சி? மலையில யாரு இருக்கா? கொரங்குதான் இருக்கு! கொரங்குக்கா பாட்டுப் போடுறீங்க?"

மாமா அவரைத் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் மழையில் நின்று பேசினார்கள். திரும்பி வந்தபோது அந்த அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. ஆம்பிளிபயரைப் பார்த்தார்.

"பாப்பா பேசட்டும். நாங்க என்ன, தெனமுமா பாட்டு கேக்குறோம்," என்றார். அடுத்த வாரம் அவரே வந்து ஏணியைப் பிடித்தார். அந்த லயத்து ஆட்கள் அதற்குப் பிறகு முறை கேட்கவே இல்லை.

அப்பா மட்டும் என் பேச்சைக் கேட்க இருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அடுக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கேட்டால், "பீடோர்ல ஒரு வேல," என்பார். திரும்ப ராத்திரி ஆகும். எனக்கு அவர் மேல் கோபம். ஊரே கேட்கிறது, பெற்ற அப்பாவுக்குக் கேட்க நேரமில்லை.

ஆனால் அம்மாவின் பதிலைக் கொண்டுவருவது அவர்தான். அதிலும் ஒரு மாறுதல் இருந்தது. முன்பு மறுநாளே பதில் வந்தது. இப்போது நான் இந்த ஞாயிறு சொன்னதற்கு அடுத்த ஞாயிறு ராத்திரிதான் வருகிறது. பல் ஆடுகிறது என்று சொன்னேன். அது விழுந்து, கூரை மேல் எறிந்தும் ஆன பிறகு, "ஆடுற பல்ல நாக்கால தள்ளாதன்னு சொன்னா," என்றார் அப்பா.

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. மழைக்காலம். சத்தம் நனைந்து போகிறது. நனைந்த துணி கனக்கிற மாதிரி சத்தமும் கனத்து, வழுக்கி வழுக்கி மெதுவாக மலையேறுகிறது. போய்ச் சேர ஒரு வாரம் ஆகிறது. மாமாவிடம் சொன்னேன். அவர் திருகாணியை முடுக்கிக்கொண்டே, "ஆமா. மழையில அப்படித்தான்," என்றார். அத்தை எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒரு ஞாயிறு யாரையும் கேட்காமல் மைக்கில் சொன்னேன்.

"அம்மா, நான் பேசறது கேட்டா லைட்ட அணைச்சிட்டுப் போடு."

அத்தையின் கை மைக்கை மூட வந்தது. அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். கடைசி ஜன்னலில் விளக்கு எரிந்தபடியே இருந்தது. மாமா அவசரமாக ஒரு பாட்டைப் போட்டார். தட்டு வளைந்திருந்தது. பாட்டு அலைபோல ஏறி ஏறி இறங்கியது. பாதியில் ஊசி குதித்தது. யாரும் ஏசவில்லை.

எனக்கு வருத்தம் இல்லை. எனக்குத்தான் கணக்குத் தெரியுமே. சத்தம் இன்னும் போய்ச் சேரவில்லை.

அடுத்த ஞாயிறு எஞ்சின் ஓட ஆரம்பித்தது. பல்பில் சிவப்புப் புழு வந்து மஞ்சளானது. என்னை டின் மேல் உட்கார வைத்தார்கள். மழை விட்டு, மலையைச் சுற்றிப் பனி. அத்தை இன்னும் வணக்கம் சொல்லவில்லை. நான் வாயே திறக்கவில்லை. கடைசி ஜன்னலில் விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

"அலாமாக்! அதுக்குள்ளயா?" என்றார் மாமா.

"போன வாரம் சொன்னது," என்றேன். "இப்பத்தான் போயிருக்கு."

ஏணியைப் பிடித்த அண்ணன் முகத்தைக் கோணியால் துடைத்துக்கொண்டார். மழை விட்டு ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் விளக்கு அணைந்து எரியும். எப்போதும் நான் பேசுவதற்கு முன்னாலேயே. பேசும்போது அசையாமல் எரியும். அம்மா உட்கார்ந்து கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் நடந்தது, கோழிக்குஞ்சு வளர்ந்தது, மாமாவும் அத்தையும் ஒரு பாட்டுத்தட்டுக்காக அடித்துக்கொண்டது எல்லாம் சொல்வேன். அவர்கள் இரண்டு பேரும் பிறகு கல்யாணம் செய்துகொண்டார்கள். அதற்கும் அந்தத் தட்டைத்தான் போட்டார்கள்.

மழைக்காலம் முடிந்து, கித்தாக்காட்டில் ரப்பர் இலை சிவந்து உதிர்கிற நேரத்தில் அம்மா வந்தது. டாக்சியில் வந்தது. மலையிலிருந்து இறங்கி வரவில்லை. பெரிய ரோட்டுப் பக்கமிருந்து டாக்சி வந்தது. அதை நான் பார்த்தேன். டாக்சி சுற்றி வரும் போல என்று விட்டுவிட்டேன். அம்மா இளைத்து, வெளுத்துப் போயிருந்தது.

"நான் பேசுனது எல்லாம் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு. பல்லக் காட்டு," என்றது அம்மா.

அந்த வாரம் மாமா குழாயைப் பள்ளத்து லயத்துக்குத் திருப்பினார். மொத்த மழைக்காலத்துக்கும் சேர்த்து அவர்களுக்குப் பாட்டு ஓடியது.

ரொம்ப வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமாகி ஈப்போவில் வேலை பார்த்தபோது, கண் காட்ட அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எனக்கு வழி தெரியவில்லை. அம்மா யாரையும் கேட்காமல் முன்னால் நடந்தது. ஒரு பழைய கட்டடத்தின் பக்கம் வந்ததும் நின்றது.

"இங்கதான் என் கட்டிலு இருந்துச்சு. இந்த ஜன்னலுகிட்ட."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"நீ பேசுனத ஒரு தடவதான் என் காதால கேட்டேன். மறுவாரமே இங்க கொண்டாந்துட்டாங்க. மத்ததெல்லாம் அப்பா வந்து சொல்வாரு. மாமா சொல்லிக் குடுத்தத மனப்பாடம் பண்ணிட்டு வந்து, கட்டிலு பக்கத்துல நின்னு ஒப்பிப்பாரு. உன்ன மாதிரியே பேசிக் காட்டுவாரு. பக்கத்துக் கட்டிலு சீனப் பாட்டி சிரிக்கும்."

என் அப்பா யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷர்.

"அப்ப மலையில லைட்டு?" என்றேன்.

"மலையில யாரு இருந்தா? அந்த மழைக்கு வார்டே காலி. டிரஸர் வீடு கீழ ஆத்தோரம். மாமா போயிக் கேட்டிருக்கான். மொதல்ல ஏசுனாராம். அப்புறம், எத்தன மணிக்குன்னு மட்டும் கேட்டாராம். மணியச் சொல்லியிருக்கான். நீ பேசுனாலும் பேசாட்டியும் அந்த மணிக்குத்தான் அணைச்சு அணைச்சுப் போடுவாரு. நீ பேசி முடிக்கிற மட்டும் அந்தக் காலி வார்டுல உக்காந்திருந்துட்டு எறங்குவாராம்."

கண் டாக்டர் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம்.

அந்த வருஷம் அம்மா டாக்சியில் வந்த மறுநாளோ என்னவோ, டிரஸர் லயத்துப் பக்கம் சைக்கிளில் வந்தார். நான் ஓடிப்போய் வழியை மறித்தேன்.

"டிரஸர் ஐயா, எங்கம்மா ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம லைட்ட அணைச்சு அணைச்சுப் போட்டாங்கல்ல? நீங்க பாத்தீங்கல்ல?"

அவர் ஒரு காலை ஊன்றி நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாத்தேன். ஒரே தொந்தரவு. நல்ல பல்பு ரெண்டு போச்சு," என்றார். பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கம்மாவைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. சரியான சிடுமூஞ்சி என்று நினைத்தேன்.